சைடுபாருக்கு நல்லது கெட்டது தெரியாது

"அந்த ரெண்டு கட்டத்தையும் எடுத்துடலாங்களா? சும்மா சும்மா கேட்டுக்கினே இருக்குது" என்று போன வாரம் உங்களில் ஒருவர் கேட்டீர்கள். யார் என்று சொல்ல மாட்டேன். கேட்டவர் இப்போது தலையைக் குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடையை உங்கள் கையில் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தவள், காதில் விழாத மாதிரி போயிருக்கலாம். எனக்கு அந்த வழக்கம் கிடையாது. கேட்டாலும் சொல்லுவேன், கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.

நம் கடை செய்துகொடுத்த எந்த வலைப்பூவின் சைடுபாரில், அதாவது பக்கத்தின் ஓரப் பட்டையில், யார் பேனர் ஏற்றப் போனாலும் முதலில் திரையில் ஒரு கட்டம் வந்து, "நல்லதா, கெட்டதா?" என்று கேட்கும். அதற்கடுத்து இன்னொரு கட்டம், "முகத்துக்குச் சொந்தக்காரரைக் கேட்டாச்சா?" என்று கேட்கும். இரண்டுக்கும் பதில் அழுத்தாமல் பேனர் ஏறாது. சென்னையில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். இருக்கட்டும். அதை வைத்தவள் நான், ஏன் வைத்தேன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு எடுக்க மனசு வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என்னைப் பெற்ற அத்தாவின் ஜவுளிக்கடை மாடியில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்து ஆரம்பித்தவள் நான். "பொம்பளப் புள்ள, பேனர் கடையா?" என்று சொந்தக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். வைத்த விரலை எடுத்து, தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு பேனர் கேட்டும் வந்தார்கள். ஊரில் யாருக்கும் என் பெயர் தெரியாது. எல்லாருக்கும் பாயம்மா. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஃப்ளெக்ஸ் கடைக்காரர் ஒரே ஒரு விஷயத்தில்தான் கண்டிப்பு. ஆள் கடைக்குள் நுழைந்ததும், உட்காரச் சொல்வதற்கு முன்னால், "நல்லதா, கெட்டதா?" என்று கேட்டுவிட வேண்டும். கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு எல்லாம் நல்லது. சாவு, காரியம், நினைவஞ்சலி எல்லாம் கெட்டது. கேட்காமல், "வாங்க வாங்க, இன்னா விசேஷம்?" என்று சிரித்துவிட்டால், அப்பனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவன் முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிடும். நம் கம்ப்யூட்டரிலும் அதனால்தான் நல்லது என்று ஒரு ஃபோல்டர், கெட்டது என்று ஒரு ஃபோல்டர். ஒன்றில் இருக்கிற பூ, விளக்கு, எழுத்து எதுவும் இன்னொன்றுக்குப் போகாது. இதை எந்தக் காலேஜிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

ஃப்ளெக்ஸிலிருந்து வலைப்பூவுக்கு வந்தபோது ஊரே ஓரத்தை நிரப்பச் சொல்லித்தான் என்னிடம் வந்தது. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது, உரக்கடைக்காரர் தன் வலைப்பக்கத்தில் பனி கொட்ட வேண்டும் என்கிறார். கொட்ட வைத்தேன். இன்னொருவருக்கு ஓடுகிற எழுத்து, பறக்கிற புறா, மச்சான்கள் எல்லாருடைய போட்டோவும் வேண்டும். நடுவில் எழுத ஒரு வரி விஷயம் இருக்காது, ஓரம் மட்டும் திருவிழாக் கடைத்தெரு. சிரிக்காதீர்கள். நடுவில் இருக்கிற எழுத்து இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. ஓரத்தில் நிற்கிறதுதான் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கூடவே வரும். கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற தாய்மாமனைப் போல, உள்ளே போகிற எல்லாரும் அதன் முகத்தில் முழித்துத்தான் ஆக வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளிமலையில் கோவிந்தன் என்று ஒருவர். ஜீப் ஓட்டுகிறவர், வாய் ஓயாதவர். மலையில் நடக்கிற அத்தனையையும் ஒரு வலைப்பூவில் எழுதுவார். சாமை அறுப்பு, யார் வீட்டு மாடு காணாமல் போனது, எந்த பஸ் வரவில்லை, எல்லாம் வரும். மலையை விட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் திருப்பூரிலும் கேரளத்திலும் உட்கார்ந்துகொண்டு அதைத்தான் படிப்பார்கள். அவருக்கு சைடுபார் செய்துகொடுத்தது நான். பெருமையாகவே சொல்கிறேன், நான் செய்ததிலேயே நல்ல வேலை அது. மேலே மலைப்பாதை விளக்கு. பாதை திறந்திருந்தால் பச்சை, மண் சரிந்து கிடந்தால் சிவப்பு. ஜீப்பில் உட்கார்ந்தபடியே போனில் மாற்றிவிடுவார். அதற்குக் கீழே அவரே பேனர் ஏற்றிக்கொள்ள ஓர் இடம். அதற்கும் கீழே 'இன்று நம்ம மலையில்' என்று ஒரு பெட்டி. கடைசியாக அவர் எழுதிய சேதியில் எந்தப் போட்டோ இருக்கிறதோ அதை அந்தப் பெட்டி தானாகவே எடுத்துக்கொண்டு வந்து காட்டும், தலைப்பில் நாலு வார்த்தையையும் சேர்த்து. அடியில் சின்ன எழுத்தில் நம் கடைப் பெயர், கள்ளக்குறிச்சி என்று ஊரோடு.

அந்த மலையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் காலமானார். கோவிந்தன் அந்தச் சேதியை எழுதினார். எழுதினவர் சும்மா இருந்திருக்கலாம். யார் போனிலோ இருந்த ஒரு கறுப்புப் பட்டையைப் பிடித்து, பேனர் இடத்தில் ஏற்றிவிட்டார். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் வெள்ளை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. அதற்குக் கீழே தானாக வருகிற பெட்டியில் பெரியவரின் போட்டோ. பார்த்தால் ஒரே பேனர் மாதிரிக் கனகச்சிதமாகப் பொருந்திவிட்டது. மனிதருக்கு ஒரே சந்தோஷம். காரியம் முடியும்வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காரியம் முடிவதற்குள் அவருடைய அக்கா மகள் சத்யாவுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. தாய்மாமனுக்கு வாய் சும்மா இருக்குமா? உருகி உருகி எழுதி, சத்யாவின் போட்டோவைப் போட்டு, 'நம்மை விட்டுப் போகிறாள் சத்யா, புகுந்த வீட்டுக்கு!' என்று தலைப்பு வைத்து ஏற்றிவிட்டு, ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். மேலே பட்டை மாறவில்லை. கீழே பெட்டி தானாக மாறிவிட்டது. தலைப்பில் நாலு வார்த்தைதான் அதில் இடம். கண்ணீர் அஞ்சலி, இரண்டு பக்கம் விளக்கு, நடுவில் பட்டுப்புடவையில் சத்யா, அடியில் 'நம்மை விட்டுப் போகிறாள் சத்யா'.

அன்று காலை நான் ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனரில் மூழ்கியிருந்தேன். கோவிந்தனிடமிருந்து போன். காற்று இரைச்சலில் பாதி கேட்கவில்லை.

"பாயம்மா... எடுத்துடுங்க பாயம்மா... எல்லாத்தையும் எடுத்துடுங்க..."

"இன்னாத்த எடுக்கணும்? மொதல்ல நீ மூச்ச எடு."

"சத்யா போட்டோ... சைடுல... மாப்ள வூட்டுக்காரரு கல்யாணமே வேணாங்கறாரு... நானும் சத்யாவும் கீழ வந்துக்கினு இருக்கோம்..."

மலையில் டவர் போய்விட்டது. நான் பக்கத்தைத் திறந்தேன். "யா அல்லாஹ்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ எழுத்துப்பிழை, எத்தனையோ தலைகீழ் போட்டோ பார்த்தவள் நான். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தது இன்னும் மோசமாக இருந்தது.

அந்தக் கறுப்புப் பட்டையை அந்த நிமிஷமே எடுத்தேன். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அடுத்து அந்தப் பெட்டியை எடுக்கலாமா, சேதியையே எடுக்கலாமா என்று கை போனது. கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகளே, பதற்றத்தில் நம் விரல் முதலில் தேடுவது அழிக்கிற பட்டனைத்தான். அந்த நேரத்தில் எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடியுங்கள். நானும் குடித்தேன். குடித்துவிட்டுத் திரும்பினால் வாசலில் இரண்டு பேர்.

முன்னால் நின்றவர் சின்னையன், மாப்பிள்ளையின் அப்பா. மலையில் வேறு ஊர்க்காரர். பின்னால் நின்றவன் சிவா, மாப்பிள்ளை. உளுந்தூர்பேட்டையில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். மகனைப் பார்க்க அப்பா அங்கே போன இடத்தில், ஓட்டலில் யாரோ போனை நீட்டியிருக்கிறார்கள். அப்படியே பஸ் ஏறி, பக்கத்தின் அடியில் இருந்த கடைப் பெயரை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் பழக்கதோஷத்தில், "நல்லதா, கெட்டதா?" என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, மூடிக்கொண்டேன்.

"இந்தப் பக்கத்த செஞ்சது யாரு?"

"நான்தான். குந்துங்க ஐயா."

"குந்துறதுக்கு வரலம்மா." போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "நிச்சயம் ஆன பொண்ணு. அது தலைக்கு மேல இப்பிடி எழுதி வெச்சா நாங்க எப்பிடிமா பொண்ணெடுக்கிறது?"

"அந்தப் பட்டைய எடுத்துட்டேன் ஐயா. நீங்க வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்."

"இதோ இருக்குதே!"

"இது உங்க போன்ல இருக்குற படம். யாரோ புடிச்சு அனுப்பியிருக்காங்க. அத எடுக்க எனக்குக் கை நீளாது."

"அப்ப மொத்தத்தையும் எடுத்துடு. போட்டோவ எடு, நிச்சயம் பண்ண சேதிய எடு. அப்பிடி ஒன்னு நடக்கவே இல்லனு ஆக்கிடு."

"அப்பா..." என்றான் சிவா.

"நீ சும்மா இர்ரா."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். வயசான மனிதர், கோபத்தில் இருக்கிறார், கேட்பது ஒரே ஒரு பட்டன். அழுத்தினால் அவர் போய்விடுவார், நான் என் மஞ்சள் நீராட்டைப் பார்க்கலாம். ஆனால் அழுத்தினால் என்ன ஆகும்? பிடித்து அனுப்பிய படம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும். வலைப்பூவில் வந்து பார்க்கிறவர்களுக்கு நிச்சயதார்த்தச் சேதி இருக்காது. அப்படியானால் கல்யாணம் நின்றுவிட்டது என்றுதான் திருப்பூரிலிருந்து கேரளம் வரை பேசுவார்கள். ஒருத்தியை முதலில் சாகடித்தோம், இப்போது கல்யாணத்தையும் நிறுத்திவிட்டோம் என்று ஆகும். அதுவும் அவளுக்குத் தெரியாமலே. அவள் பாட்டுக்கு ஜீப்பில் வளைவு வளைவாக இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

"எடுக்க மாட்டேன் ஐயா" என்றேன்.

"ஏன்?"

"அது உங்க முகமும் இல்ல, என் முகமும் இல்ல. முகத்துக்குச் சொந்தக்காரி வந்துக்கினு இருக்கா. அவ சொல்லட்டும், அப்பால எடுக்கிறேன்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் பதிலுக்குக் கத்த எனக்கும் தெரியும். ஆனால் மனிதர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என் பெரியவன் மலைப்பாதையில வண்டியோட உழுந்து போய்ட்டாம்மா" என்றார். "அவனுக்கும் பேனர் வெச்சோம். இதே வெளக்கு. இதே எழுத்து. நடுவுல அவன் மூஞ்சி. இன்னிக்கு அந்த வெளக்குக்கு நடுவுல இந்தப் பொண்ண பாத்ததும் அவன் மூஞ்சிதாம்மா தெரிஞ்சுது. சகுனம் கிகுனம்னு பேசுற ஆளு இல்ல நான். ஆனா இன்னொரு தபா என்னால முடியாது."

அந்தப் பட்டை எங்கே செய்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் குத்துவிளக்கு நம் கடை விளக்கு. கெட்டது ஃபோல்டரில் இருப்பது. எத்தனையோ வீடுகளுக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறோம். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்று போனில் சுற்றி, கோவிந்தன் கைக்கு வந்திருக்கிறது. சின்னையனுக்கு டீ சொல்லிவிட்டேன். அவர் குடிக்கவில்லை, கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

கோவிந்தன் மறுபடி கூப்பிட்டார். மலையடிவாரத்து வடக்கனந்தல் தாண்டிவிட்டார்களாம். "எடுத்துட்டீங்களா பாயம்மா?" என்றார். "வண்டிய ஒழுங்கா ஓட்டு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜீப் வந்து நின்றதும் கோவிந்தன்தான் முதலில் ஓடிவந்தார். கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே உள்ளே நுழைந்து, "எல்லாத்தையும் எடுத்துடலாம் சம்பந்தி, இப்பவே எடுத்துடலாம், பாயம்மா, எடுத்துடுங்க" என்றார்.

"நீ எதையும் எடுக்கவும் வேணாம், வெக்கவும் வேணாம். ஓரமா நில்லு" என்றேன். நின்றார்.

சத்யா நிதானமாக வந்தாள். வெள்ளிமலையில் பெண்கள் குழு நடத்துகிற தானியக் கடையில் வேலை பார்க்கிறவள். தாவணி முந்தியில் சாமைத் தவிடு ஒட்டியிருந்தது. வேலையில் இருந்தவளை அப்படியே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார் மாமன். சின்னையனின் போனை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"அய்ய, இந்தப் போட்டோவா?" என்றாள். "இதுல நானே செத்தவ மாதிரிதான் இருக்கேன். கழுத்துல இரவல் நக, கண்ணுல மையி. இத போடாதனு எத்தினி தபா சொன்னேன் மாமா? என்ன யாரு கேட்டாங்க?"

கோவிந்தன் சுவரைப் பார்த்தார்.

"நீ இன்னா சொல்ற?" என்று அவள் சிவாவிடம் திரும்பினாள்.

அதுவரை வாய் திறக்காத பையன். "நீ உயிரோட இருக்கனு தெரியும்" என்றான். "காலையிலதான போன்ல சண்ட போட்டுக்கினு இருந்தோம். ஆனா அத பாத்ததும் மாவு கையோட அங்கியே குந்திக்கினு அழுதுட்டேன். ஓட்டல்ல எல்லாரும் பாத்தாங்க. எனக்கு வெக்கமில்ல."

சத்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சின்னையனுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பெரியவன் பேனரைப் பற்றி நான்தான் அவளுக்கு மெதுவாகச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு அவர் கையில் இருந்த ஆறிப்போன டீயை வாங்கிக் கீழே வைத்தாள்.

"மாமா, நம்ம பக்கம் ஒருத்தர செத்துட்டாங்கனு தப்பா சேதி சொல்லிட்டா, அப்பால அவங்கள பாத்து இன்னா சொல்லுவாங்க?"

சின்னையன் கீழே இருந்த டீ கிளாஸைப் பார்த்தார்.

"சொல்லுங்க மாமா. நீங்கதான சொல்லணும்."

"ஆயுசு கெட்டினு சொல்லுவாங்க" என்றார்.

"அத்த எழுதுங்க பாயம்மா" என்றாள் சத்யா. "அந்தப் பட்ட இருந்த எடத்துலயே எழுதுங்க. சேதிய எடுக்க வேணாம். போட்டோவ மட்டும் மாத்துங்க. வேற புடிங்க, இப்பவே. மாமா, நீங்களும் எழுந்து வாங்க."

நம் கடைச் சுவர்தான், அந்த நீலச் சுவர். தாவணியில் தவிடோடு அவள், பக்கத்தில் கசங்கின சட்டையோடு சின்னையன். அவருக்குச் சிரிக்கத் தெரியவில்லை. எடுக்கிற நேரத்தில் அவள் அவர் காதில் என்னமோ சொன்னாள், மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். அந்த நொடியைப் பிடித்தேன். இன்றுவரை என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.

ஏற்றுவதற்கு முன்னால், "ஐயா, உங்க முகத்த போடலாமா?" என்று கேட்டேன்.

"என்னை எதுக்கும்மா கேக்குற?"

"முகம் உங்களுதுதானே."

"போடும்மா" என்றார்.

மஞ்சள் பட்டை, சிவப்பு எழுத்து, நல்லது ஃபோல்டரிலிருந்து எடுத்த மாவிலைத் தோரணம். 'ஆயுசு கெட்டி'. கீழே அந்தப் போட்டோ. இந்தமுறை பேனரையும் போட்டோவையும் ஒன்றாகவே ஒட்டினேன், ஒன்று மாறி இன்னொன்று நிற்க முடியாதபடி. தலைப்பையும் அவளைக் கேட்டே மாற்றினேன். 'சத்யாவுக்கும் சிவாவுக்கும் நிச்சயம்', அவ்வளவுதான். கோவிந்தனின் உருக்கம் எதுவும் வேண்டாம் என்றுவிட்டாள். போனில் பார்க்கிறவர்களுக்கு சைடுபார் ஓரத்தில் இருக்காது, எல்லாவற்றுக்கும் அடியில் போய் விழுந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் அன்றைக்கு மட்டும் அந்தப் பட்டையை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றிவைத்தேன். திறந்ததும் முதலில் அதுதான் தெரியும்.

பழைய படம் போன வழியெல்லாம் புதுப் படமும் போனது. அன்று சாயங்காலத்துக்குள் கோவிந்தனுக்கு ஒரே போன். கல்யாணம் நிற்குமா என்று ஒருவரும் கேட்கவில்லையாம். என்றைக்குக் கல்யாணம் என்று கேட்டார்களாம். அதற்கப்புறம் மலையில் காய்ச்சலில் படுத்து எழுந்தவர், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினவர் எல்லாம் தங்களுக்கும் ஓர் 'ஆயுசு கெட்டி' போடச் சொல்லிக் கேட்க, அது அந்த வலைப்பூவில் நிரந்தரமாகவே ஒரு பெட்டி ஆகிவிட்டது. சொந்தமாக யோசித்திருந்தால் எனக்கு அப்படி ஒன்று தோன்றியிருக்காது. அதையும் தாராளமாக ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வாரமே முதல் கட்டத்தை வைத்தேன். கெட்டது என்று அழுத்தினால், அந்த பேனர் இருக்கிறவரை தானாக மாறுகிற பெட்டி எதுவும் பக்கத்தில் தலைகாட்டாது. மிஷினுக்கு முகம் தெரியும், எழுத்து தெரியும், அளவு தெரியும். நல்லது கெட்டது தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். சொல்ல ஒரு தட்டுத் தட்டுவதற்கு உங்களுக்கு எரிச்சலாக இருந்தால் வேறு வேலை பாருங்கள், வெளியில் நிறைய இருக்கிறது.

இரண்டாவது கட்டம் வைத்தது கொஞ்சம் பிந்தி, சின்னையனைப் பார்த்துக் கற்றுக்கொண்டு.

கல்யாணத்துக்கு முன்னால் சின்னையன் மறுபடி கடைக்கு வந்தார். தனியாக. வாசலில் நின்று, நான் கேட்பதற்கு முன்னாலேயே, "நல்லதும்மா, நல்லது" என்றார். மண்டப வாசலுக்கு ஃப்ளெக்ஸ் வேண்டும். மாப்பிள்ளை பெண் போட்டோ, மேலே அந்த 'ஆயுசு கெட்டி' எழுத்து. நான் அளவு கேட்டேன். சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார்.

"இரும்மா. கேக்கணும்."

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் அவர் கத்தினது தெருவுக்கே கேட்டது. "ஏம்மா சத்யா! உன் போட்டோவ பேனர்ல போடலாமா? ...ஆங்? ...போடலாமா வேணாமா, சொல்லு!" டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மனிதர் கவலைப்படவில்லை. பதில் வரும்வரை நின்றார். அப்புறம் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"போடலாமாம். இன்னொன்னும் சொல்றா" என்றார். "பெரியவன் போட்டோவும் வெக்கணுமாம். வெளக்கு வேணாமாம், மாலை வேணாமாம். அண்ணங்காரன் தம்பி கல்யாணத்துல நிக்கிற மாதிரி, அவங்க பக்கத்துல, சிரிக்கிற போட்டோவா வெக்கணுமாம். எங்கிட்ட ஏதும்மா அவன் போட்டோ? ஒன்னே ஒன்னுதான் இருந்துது. அதையும் அன்னிக்கி சொந்தக்காரங்க உங்க கடையிலதான் குடுத்தாங்களாம்."

கெட்டது ஃபோல்டரைத் திறந்தேன். தேட நேரமாகவில்லை. அன்று முகத்தை மட்டும் வெட்டி எடுத்து விளக்குக்கு நடுவில் வைத்திருந்தோம். வெட்டாத முழுப் போட்டோ அப்படியே இருந்தது. ஏதோ ஒரு கோயில் திருவிழா. தம்பி தோளில் கையைப் போட்டுக்கொண்டு வாய் கொள்ளாமல் சிரிக்கிறான்.

சின்னையன் திரையைத் தொட்டுப் பார்த்தார்.

"அவன கேக்க முடியாதேம்மா" என்றார்.

"கேக்கணும்னு உங்களுக்குத் தோணுச்சு இல்ல ஐயா, அது போதும்" என்றேன்.

அந்தப் போட்டோவை நல்லது ஃபோல்டருக்கு மாற்றினேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.